பந்திக்குக் கட்டிய வீடுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சில இன்று விடுதிகளாகிவிட்டன. காரைக்குடியில் ‘தி பங்களா’ 1999-இல் விருந்தினர்களை ஏற்கத் தொடங்கியது. அதன் பிறகு கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று பல வந்தன. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் சூழ, தலைவாழை இலையில் சாப்பாடு பரிமாறுகிறார்கள். அதற்கென்றே வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் சோறு விற்பதா என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த வீடுகள் எதற்காக எழும்பின என்பதை அது சரியாகப் பார்க்கவில்லை. குடும்பம் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அவற்றைக் கட்டவில்லை. உறவையும் ஊரையும் அழைத்துப் பந்தி போடுவதற்காகத்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்.

இதற்கு வீட்டின் அமைப்பே சாட்சி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீடு அது. நூற்றுக்கணக்கானோர் வரிசையாக உட்காரத்தக்க நீண்ட கூடங்கள் அதில் உண்டு. அன்றாட வாழ்க்கையோ இந்தப் பெரிய அளவுக்கு நேர் எதிரானது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்றுதான், அடுப்பு தனி. உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. அரிசி, பருப்பு, செலவுப் பணம் எல்லாம் அளந்து கொடுக்கப்படும். 1909-இல் வெளியான தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போனால் திரும்பி வர மூன்று ஆண்டுகள்போல ஆகும். அந்நாள்களில் ஆச்சியும் பிள்ளைகளும் சிறிய அடுப்பில் சிக்கனமாகப் பொங்கித் தின்றதுதான் அந்த மாளிகையின் தினசரிச் சாப்பாடு. கல்யாணமும் வயது நிறைவுச் சாந்தியும் முன்னோருக்கான படைப்பும் வந்தால்தான் பெரிய கூடத்தில் பாய் விரியும். சீராக வந்து அடுக்கி வைத்த பித்தளை அண்டாக்களும் எனாமல் தூக்குகளும் அன்றுதான் வெளியே வரும். இன்றும் பல வீடுகளின் கதவு இத்தகைய நாள்களில்தான் திறக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு போடுவது பந்தியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பந்தி விற்பனைக்கு வைத்த பொருள் அல்ல. இன்று உண்டவர் நாளை தம் வீட்டில் இலை போடும் கடன் அதில் இருந்தது. ஆனால் அன்று அந்தக் கூடத்தில் உட்கார உறவு வேண்டும், சாதி வேண்டும். சமைத்தவர்களும் பாத்திரம் துலக்கியவர்களும் அதே வரிசையில் உட்கார்ந்ததில்லை. இன்றைய விலை பலரைத் தள்ளி நிறுத்துகிறது என்பது உண்மையே, ஆனாலும் பிறப்பைக் கேட்பதில்லை. இந்த மாற்றத்தை நான் இழப்பாகக் கருதவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இலையில் இருப்பதைப் பற்றியது. நகரத்தார் கல்யாணப் பந்தி சைவம். விடுதிக்கு வருகிறவர் தேடுவதோ மிளகுக் கோழியும் நண்டு மசாலாவும். அவை தனித்தனி அடுப்புகளில் வெந்த வீட்டுச் சமையல்; பெரிய கூடத்து விருந்துக்கு வந்தவை அல்ல. ஆக, விடுதிகள் பந்தியின் இடத்தையும் சிறிய அடுப்பின் குழம்பையும் எடுத்து ஒரே இலையில் சேர்த்திருக்கின்றன. இதைப் பழைய செட்டிநாட்டு விருந்து என்று விற்பது வரலாறு ஆகாது. என்றாலும், இந்தச் சமையல் எப்போதுமே சேர்த்துச் சேர்த்து வளர்ந்ததுதான். பலகார வரிசையில் கௌரவமாக நிற்கும் கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் புட்டு பெயரிலேயே கடல் தாண்டிய கதையை வைத்திருக்கிறது. அன்னாசிப்பூவும் இந்த மண்ணில் விளைந்ததில்லை. இந்தச் சேர்க்கையை உள்ளபடி சொல்வதற்கு விடுதிகள் தயங்க வேண்டியதில்லை.

அவை சொல்லத் தயங்குவது வேறொன்று. இந்தத் தேக்கும் பளிங்கும் எந்தப் பணத்தில் வந்தன என்பது. கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்துச் சேர்த்த வட்டியில் ஒரு பங்கு இங்கே சுவராக எழுந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, ஈடு வைத்த வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலம் 1938-இல் சுமார் 25 விழுக்காடானது. அவர்கள் விரும்பியது பணம், நிலமல்ல என்று அவர்கள் சார்பில் சொல்லப்படுவதில் உண்மை உண்டு. உழுதவன் நிலத்தை இழந்தான் என்பதும் அதே அளவு உண்மை. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது, பர்மாவின் விடுதலைக்குப் பின் நிலச் சட்டங்களும் தேசியமயமும் வந்தன, எல்லாம் போயிற்று. வருமானம் நின்ற வீடு தலைமுறைதோறும் பங்குதாரர்களிடையே பிரிந்தது. ஓடு மாற்றக்கூட எல்லாருடைய சம்மதமும் தேவைப்பட்ட நிலையில் பல வீடுகளை இடித்துத் தேக்கை விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் கதவுகளும் அண்டாக்களும் அப்படி வந்தவைதான்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் ஒரு வீட்டுக்கும் ஓடு மாற்றித் தராது. இலை போட்டு வரும் வருமானம் மாற்றித் தருகிறது. அதனால் இந்த விடுதிகள் நீடிக்க வேண்டும் என்பதே என் கட்சி. அவற்றை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வந்தவருக்குத் தூண் எந்தக் காட்டுத் தேக்கு, தரை எந்த நாட்டுப் பளிங்கு என்று சொல்லும்போதே, தனி அடுப்பில் பொங்கிய ஆச்சிமாரைப் பற்றியும் வயலை இழந்த பர்மிய உழவரைப் பற்றியும் சொல்லுங்கள்.