தப்பியோர் சாட்சியமும் வரலாற்றறிவும்: எம்பிலிப்பிட்டிய தரும் பாடம்

வரலாற்றுச் சான்று எனும்போது நாம் பெரும்பாலும் கல்வெட்டையும் ஏட்டையும் அரச ஆவணத்தையுமே கருதுகின்றோம். ஆயின் அரச படையே குற்றம் புரிந்தவிடத்து ஆவணம் வாய்திறப்பதில்லை. ஆங்கு, துன்பத்துக்கு ஆளாகித் தப்பியோரதும் உறவை இழந்தோரதும் வாய்மொழியே முதற்சான்றாகின்றது. இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டிய இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி (1987–1989) ஒடுக்கப்பட்ட காலத்தில், 1989 பிற்பகுதியிலும் 1990 தொடக்கத்திலும், இவ்வூர் மாணவர் பலர் கடத்தப்பட்டுச் செவன இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்கள் வீடு திரும்பவில்லை. தொகை 25 எனவும் 32 எனவும் பதிவுகள் வேறுபடும். கிளர்ச்சியை ஒடுக்கும் அதிகாரம் பாடசாலை அதிபர் ஒருவரது குடும்பத்தின் தனிப்பட்ட பகைக்குக் கருவியாயிற்று என்பதே வழக்கின் சாரம்.

பெற்றோர் முகாம் முகாமாய் அலைந்தனர், மனுக்கள் எழுதினர். 1994இல் நியமிக்கப்பட்ட மேல், தென், சப்பிரகமுவ மாகாணங்களுக்கான ஜனாதிபதி ஆணைக்குழு இத்தகையோரின் சாட்சியத்தைப் பதிந்தது. 1999 பெப்ரவரியில் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதிபருக்கும் இராணுவத்தினர் சிலருக்கும் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. முகாமின் உயரதிகாரி விடுவிக்கப்பட்டார். வலிந்து காணாமலாக்குதலைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2018இலேயே இயற்றப்பட்டது.

இவ்விடத்துக் கனடாவின் அனுபவம் நோக்கற்பாலது. அங்குப் பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். இறுதிப் பாடசாலை 1996 அளவிலேயே மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அப்பண்பாட்டழிப்பும் எம்பிலிப்பிட்டிய நிகழ்வும் ஒன்றல்ல. எனினும் பிள்ளையைக் காக்க வேண்டிய பாடசாலையே அவனை ஒப்புக்கொடுத்தமை இரண்டுக்கும் பொது. 2008 முதல் 2015 வரை இயங்கிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 6,000க்கு மேற்பட்டோரின் கூற்றுக்களைக் கேட்டு, 94 கோரிக்கைகளை முன்வைத்தது. அவற்றுள் 62ஆவது, தப்பியோருடன் கலந்தே பாடத்திட்டம் வகுத்து, அவ்வரலாற்றை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்பதாம். அங்குத் தப்பியோர் இரக்கத்துக்குரியோராக மட்டுமன்றி, ஆசிரியராகவும் மதிக்கப்பட்டனர்.

நம் நாட்டில் நேர்ந்தது யாது? எம்பிலிப்பிட்டிய மாணவரை நினைவுகூர்ந்து 1999இல் பத்தரமுல்லையில் எழுப்பப்பட்ட நினைவாலயம் பேணுவாரின்றிச் சிதைந்து, பின்னர் அகற்றப்பட்டது. தீர்ப்பு குற்றவாளியைத் தண்டிக்கலாம். நினைவைத் தாங்கும் பொறுப்பு சமூகத்துடையது.

தமிழ் ஆய்வாளராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. மறைந்த மாணவர் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தமிழ்த் தாய்மார் கேட்டதும் எம்பிலிப்பிட்டியத் தாய்மார் கேட்ட அதே வினாவே: எம் பிள்ளை எங்கே? இரு மொழியிலும் எழுந்த இவ்வினாவை ஒருங்கே பதிந்து ஆராயாத வரலாறு குறைவரலாறே. சாட்சி கூறியோர் முதுமையெய்தி வருகின்றனர். அவர்தம் சொற்களைக் கேட்டுப் பேணுதல் காலந்தாழ்த்தத் தகாத ஆய்வுப்பணியாகும்.