அலிப்பூரில் பிறந்த கன்று

சென்னைவாசிகள் விலங்குக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கிய காலம் உண்டு. வங்காளிகள் காட்சிசாலையைச் 'சிடியாகானா', அதாவது பறவைக்கூடம், என்பர். பெயர் வேறாயினும் வியப்பு ஒன்றே. கல்கத்தாவில் குடியேறிய நம்மவர், ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளி கோயிலுக்கு அடுத்தபடியாக அலிப்பூருக்கே அழைத்துச் செல்கின்றனர். அவ்விடத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம்.

விலங்குகளைக் கூட்டில் வைத்துப் பார்ப்பது முற்காலத்தில் ஆள்வோரின் பெருமைக்குரிய பொழுதுபோக்கு. பாரக்பூரில் ஆங்கிலத் தலைமை ஆளுநரும், மெட்டியாபுருஸில் நாடிழந்த அயோத்தி மன்னர் வாஜித் அலி ஷாவும் விலங்குகளை வளர்த்தனர். 1876-இல் அலிப்பூர்க் காட்சிசாலை திறக்கப்பட்டபின் அக்காட்சி பொதுமக்களுக்கும் கிட்டிற்று. ஆயினும் அவ்விலங்குகள் எவ்வாறு பிடிபட்டன என்று கேட்டவர் அரியர். பிடிப்பதும் விற்பதும் அன்று நேர்மையான வாணிகமாகவே கருதப்பட்டன.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1868-இல் சிட்டகாங் அருகே புதைமணலில் சிக்கிய இரட்டைக் கொம்புக் காண்டாமிருகம் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்தனர். ஜாம்ராக் என்னும் வணிகரிடமிருந்து 1872-இல் லண்டன் காட்சிசாலை அதனை 1,250 பவுனுக்கு வாங்கிற்று. 'பேகம்' எனப் பெயர் பெற்ற அவ்விலங்கு 1900 வரை அந்நகரிலேயே வாழ்ந்து மறைந்தது. அதனைக் கண்டு களித்தவர்க்குச் சிட்டகாங் காடு நினைவுக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

அலிப்பூரிலோ வேறொரு மனப்பான்மை அரும்பிற்று. மருத்துவப் படிப்பை இடையில் விட்டு அங்கே பணியேற்ற ராம் பிரம்ம சன்யால், அதன் கண்காணிப்பாளராக உயர்ந்தார். ஒவ்வொரு விலங்கும் உண்பதையும் நோயுறுவதையும் அவர் கூர்ந்து நோக்கிக் குறித்துவைத்தார். 1889-இல் பேகத்தின் இனத்தைச் சேர்ந்த கன்று ஒன்று அங்கே பிறந்தது. 1892-இல் அவர் தம் அனுபவங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். விலங்கு வெறும் வேடிக்கைப் பொருளன்று, பேணிக் காக்க வேண்டிய உயிர் என்ற எண்ணத்திற்கு அந்நூல் ஒரு சான்று.

கூட்டில் அவ்வினத்தின் கன்று மீண்டும் பிறந்து வளர்ந்தது 2001-இல், அமெரிக்காவின் சின்சினாட்டியில்; இடையே 112 ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் நம் நாட்டுக் காடுகளிலிருந்து அவ்வினமே மறைந்துவிட்டது. கூட்டில் ஒன்றைப் பேணக் கற்பதற்குள் காட்டில் உள்ளவற்றை இழந்துவிட்டோம்.

1972-இல் இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. காட்சிசாலைகளை நெறிப்படுத்த 1992-இல் மத்திய ஆணையம் அமைந்தது. அன்றைய வாணிகம் இன்று கடத்தல் எனப்படுகிறது. ஆயினும் வாங்குவோர் உள்ளவரை விற்போரும் இருப்பர். 2009-இல் அலிப்பூர்க் கூட்டிலிருந்தே சிறு மார்மோசெட் குரங்குகள் களவு போயின. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் கூண்டிலிட்ட பச்சைக்கிளியும் இச்சட்டத்தின்படி குற்றமே. நெடுங்காலப் பழக்கமாதலின் அதைக் குற்றமென்று நம் மனம் எளிதில் ஒப்புவதில்லை.

அடுத்த ஞாயிறன்று குழந்தைகளுடன் அலிப்பூர் செல்லும்போது, 'இது எங்கிருந்து வந்தது?' என்று அவர்கள் கேட்பார்கள். அன்று லண்டனில் கேளாது விட்ட கேள்வி அது. வீடு திரும்பியபின் தாழ்வாரத்துக் கிளியைச் சுட்டியும் அவர்கள் அதையே கேட்கக்கூடும். அதற்கு நாம் மறுமொழி கூறியே ஆகவேண்டும்.