பேயை நம்பினார்களா, முகத்தை நம்பினார்களா?

அக்டோபர் பிறந்துவிட்டால், பழைய திகில் நிகழ்ச்சிகளைத் தேடியெடுத்துப் பார்ப்பது மேலை நாடுகளில் பலருக்கு வழக்கம். 31ஆம் தேதி ஹாலோவீன் இரவு வரை இது தொடரும். அப்படிப் பார்க்கப்படும் படைப்புகளில் பிரிட்டனின் 'கோஸ்ட்வாட்ச்' தனி இடம் பெற்றது. அதற்குக் காரணம், அதில் வந்த பேய் அல்ல. அதை வழிநடத்திய மனிதர்கள்.

1992 அக்டோபர் 31, சனிக்கிழமை இரவு மணி 9.25. பிபிசியின் முதல் ஒளிவழியில் நிகழ்ச்சி தொடங்கியது. மேற்கு லண்டனின் நார்த்தோல்ட் பகுதியில் ஒரு சாதாரண வீடு. அதில் ஒரு தாயும் இரண்டு மகள்களும். வீட்டில் கேட்கும் விநோத ஒலியைத் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் என்று தாய் சொல்லிச் சமாளித்ததால், பிள்ளைகள் பேய்க்கு வைத்த பெயர் 'பைப்ஸ்'.

இந்த வீட்டை 'நேரடியாக' ஆராய வந்தவர்கள் யார்? ஒளிப்பதிவுக் கூடத்தில், நேர்காணல்களுக்குப் பெயர் பெற்ற மைக்கல் பார்க்கின்சன். வீட்டுக்குள், சிறுவர் நிகழ்ச்சிகளால் வீடுதோறும் அறிமுகமான சாரா கிரீன். தொலைபேசி அழைப்புகளைக் கவனிக்க, அவரின் கணவர் மைக் ஸ்மித். எல்லாரும் சொந்தப் பெயரிலேயே தோன்றினர். நேயர்கள் அழைக்கக் கொடுக்கப்பட்ட எண்ணும் பிபிசியின் உண்மையான எண்தான்.

உண்மையில் அது ஸ்டீவன் வோல்க் எழுதி, லெஸ்லி மேனிங் இயக்கி, முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட நாடகம். தொடக்கத்தில் எழுத்தாளர் பெயர் திரையில் வந்தது. அழைத்தவர்களுக்கு, இது கற்பனை என்று சொல்லும் ஏற்பாடும் இருந்தது. ஆனால், அழைப்புகள் குவிந்ததால் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. முடிவில் சாரா கிரீன் மாடிப்படிக்குக் கீழுள்ள இருட்டறைக்குள் மறைகிறார். ஒளிப்பதிவுக் கூடத்தில் விளக்குகள் அணைகின்றன. பார்க்கின்சனின் குரலே மாறிவிடுகிறது.

விளைவு விளையாட்டாக முடியவில்லை. அச்சத்தால் மனநலம் பாதிக்கப்பட்ட பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி 1994இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினர். இளைஞர் ஒருவரின் தற்கொலைக்கு நிகழ்ச்சியே தூண்டுதல் என்று அவருடைய பெற்றோர் முறையிட்டனர். அச்சுறுத்தும் சூழல் வேண்டுமென்றே வளர்க்கப்பட்டது என்று ஒளிபரப்புத் தர மன்றம் 1995இல் கண்டித்தது. பிபிசி தன் நாட்டில் அதை மறுஒளிபரப்புச் செய்யவே இல்லை. 2002இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட பிறகுதான் ரசிகர்கள் மீண்டும் முறையாகப் பார்க்க முடிந்தது.

இன்று அதைப் பார்ப்பவர்கள் கற்பனை என்று தெரிந்தே பார்க்கிறார்கள். திரையின் ஓரங்களில் கண நேரமே தோன்றி மறையும் பைப்ஸைத் தேடிப் பிடிப்பதே அவர்களுக்கு ஓர் ஆனந்தம். 1992இல் அந்த வசதி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்குப் பார்க்கின்சன் பொய் சொல்லமாட்டார். பிள்ளைகளுக்குச் சாரா கிரீன் சொந்த அக்கா மாதிரி. அந்த அக்காவே இருட்டுக்குள் காணாமற்போனால், குழந்தை யாரை நம்பும்?

தொலைக்காட்சியில் தோன்றுபவருக்குப் பல ஆண்டுகளில் சேரும் சொத்து இந்த நம்பிக்கை. 'கோஸ்ட்வாட்ச்' அதை ஒரே இரவில் செலவழித்துப் பார்த்தது. கலை என்ற அளவில் அது வெற்றியே. ஆனால், 'நேரடி ஒளிபரப்பு' என்பது வெறும் அறிவிப்பு அல்ல. நேயருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. பழைய திகில் நிகழ்ச்சியை ரசிக்கும் அதே வேளையில், இந்தப் பாடத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.