கட்டிலும் மிதிவண்டியும்

நோயின் பெயர் ஒன்று, மருத்துவரும் ஒருவர், மருந்து மட்டும் இரண்டு! ஏன் இரண்டு என்று கேட்டால் வரலாறு விடை சொல்லும்.

அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரிலே சைலஸ் வெயர் மிட்செல் என்றொரு மருத்துவர் இருந்தார். நரம்புத் தளர்ச்சி நோய்க்கு அவரைவிட்டால் ஆளில்லை என்று பேர் பெற்றவர். 1885ஆம் ஆண்டு, ஹார்வர்டிலே பட்டம் பெற்று வங்கி வேலையிலே அமர்ந்து, உள்ளமும் உடலும் நலிந்த ஓவன் விஸ்டர் என்ற இளைஞருக்கு அவர் சொன்ன யோசனை, மேற்கே வயோமிங் புல்வெளிக்குப் போகவேண்டும் என்பது. போனார், குதிரை ஏறினார், வேட்டையாடினார், தேறினார். பின்னர் எழுத்தாளராகவும் புகழ் கொண்டார்.

ஈராண்டு கழித்து, 1887இல், அதே மருத்துவரை நாடி வந்தார் ஓர் இளந்தாய். பின்னாளில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்று உலகம் அறிந்த பெண்மணி. குழந்தை பிறந்தபின் நீங்காத துயரம் அவரைப் பற்றியிருந்தது. அவருக்குக் குதிரையா கிடைத்தது? கட்டில் கிடைத்தது! உண்டபின் படுக்கவேண்டும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் அறிவு வேலை ஆகாது, எழுதுகோலையோ தூரிகையையோ உயிருள்ளவரை தொடலாகாது — இதுதான் சிகிச்சை! மூன்று மாதம் கட்டளைக்குப் பணிந்தார். சித்தம் சிதறும் விளிம்புக்கே போனார். பிறகு கட்டளையை உதறி, எழுதுகோலை எடுத்தார். அந்த அறையிலே பட்ட வேதனையே 1892இல் 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதையாக வெளிவந்தது.

இந்தக் கதைக்கும் மிதிவண்டிக்கும் என்ன உறவு என்பீர்கள். உண்டு, தோழர்களே! வைத்தியர் தர மறுத்த குதிரையை, பட்டறை செய்து தந்தது. 1885இல் இங்கிலாந்திலே காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி சம அளவுச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட வண்டியை உருவாக்கினார்; 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். தீவனம் கேட்காத அந்தக் குதிரையிலே பெண்ணும் ஏறினாள்.

ஏறியவருள் ஒருவர் பிரான்சஸ் வில்லர்ட். அமெரிக்காவின் மாபெரும் மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவி. ஓடியாடித் திரிந்த சிறுமிக்குப் பதினாறு வயதிலே நீண்ட பாவாடையை மாட்டிவிட்டார்கள். அன்றே ஓட்டம் நின்றது. 1892இல் தாயும் மறைந்தார். துயரமும் ஓயாத உழைப்பும் சேர்ந்து நரம்பைத் தளர்த்தின. 53ஆம் வயதில், தோழி ஒருவரின் ஆதரவிலே இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, மிதிவண்டி பழகினார். நாளுக்குக் கால் மணி நேரம், மூன்று மாதம். முதலில் மிதிக்கவும், அடுத்துத் திருப்பவும், பின்னர் இறங்கவும், கடைசியாகத்தான் ஏறவும் கற்றார்! வண்டி தள்ளாடியபோதெல்லாம் தள்ளாடியது தன் உள்ளமே என்று கண்டுகொண்டார். 1895இல் அதை ஒரு சிறு நூலாகவே எழுதினார். காரணம் கடினமானதன்று: விழாமல் செல்ல எதிரே உள்ள பாதையைப் பார்த்தாகவேண்டும், பார்க்கும் மனத்துக்கு அழுவதற்கு இடம் குறைவு.

பழமை சும்மா இருக்குமா? மிதிவண்டி ஏறும் பெண்ணுக்கு முகம் இறுகும், விழி பிதுங்கும், அதன் பெயர் 'சைக்கிள் முகம்' என்றார்கள் சில வைத்தியர்கள். அடுக்களைப் புகையிலே சிவந்த கண்ணுக்கு எவரும் பெயர் வைத்ததில்லை! 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே, பெண்களுக்கும் முழுப்பட்டம் தரலாமா என்று வாக்கெடுத்த நாளன்று, எதிர்த்த மாணவர்கள் தெருவின்மேல் தொங்கவிட்ட கொடும்பாவி எது தெரியுமா? மிதிவண்டி ஏறிய பெண்ணின் உருவம்! பட்டத்தையும் வண்டியையும் ஒரே பகையாக அவர்கள் கண்டது தவறன்று. அந்தப் பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று இது வெறும் அனுபவக் கதையன்று. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வேலைக்குச் சென்றுவந்த 3,78,253 பேரின் 2011 மக்கட்கணக்கை, அவர்கள் வாங்கிய மருந்துச் சீட்டுகளோடு ஒப்பிட்டு 2024இல் முடிவு வெளியிட்டனர். மிதிவண்டியிலே சென்றவர்களுக்கு, அடுத்த ஐந்தாண்டில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து எழுதவேண்டி வந்தது 15 விழுக்காடு குறைவு. பயன் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி! ஆயினும் பகுத்தறிவாளர் ஒன்றை மறத்தலாகாது: கடும் மனநோய்க்கு மருத்துவரே வேண்டும், சைக்கிளை மந்திரத் தாயத்தாக்கினால் அதுவும் மூடநம்பிக்கையே.

மருந்துச் சீட்டே எட்டாத ஊர்களிலும் இந்த வண்டி தன் வேலையைச் செய்தது. நம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991இலே அங்கு எழுந்த அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணைநின்றார். 1992 மார்ச் 8, மகளிர் நாளன்று, கைப்பிடியிலே கொடி பறக்க 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் நகரை வலம் வந்தனர். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுது மிஞ்சிற்று. விளைபொருளை விற்கப் பல ஊர் போக முடிந்தது. ஆனால் நேரிலே கண்டு எழுதிய பத்திரிகையாளர் சாய்நாத், வருவாயினும் மேலாகக் குறித்தது அப்பெண்களுக்கு வந்த தன்மதிப்பை! பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. ஆண்கள் வண்டியிலேயே பழகினர். பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு — முன்கம்பியிலே குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போகலாம் என்று.