1905 ரஷ்யப் புரட்சியும் ரயில்வே தொழிலாளர் சங்கமும்

அனைத்து ரஷ்ய ரயில்வே சங்கம் என்பது 1905ஆம் ஆண்டுப் புரட்சியின்போது ரஷ்யப் பேரரசில் உருவான தொழிற்சங்கம் ஆகும். ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸை அரசியல் சீர்திருத்தத்துக்கு இணங்கவைத்த அக்டோபர் பொது வேலைநிறுத்தம் ரயில்வேயில்தான் தொடங்கியது. (இக்கட்டுரையின் தேதிகள் அன்றைய ரஷ்யாவில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டிப்படி அமைந்தவை.)

பின்னணி

1905 ஜனவரி 9 அன்று, மன்னரிடம் மனு அளிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஊர்வலமாகச் சென்ற தொழிலாளர்கள் மீது படையினர் துப்பாக்கிச்சூடு நடத்தினர். இதையடுத்து நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. சுதந்திரமான தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அனுமதி இல்லாத அக்காலத்தில், ஏப்ரல் மாதம் மாஸ்கோவில் கூடிய பிரதிநிதிகள் ரயில்வே சங்கத்தைத் தோற்றுவித்தனர். எழுத்தர், பொறியாளர், என்ஜின் ஓட்டுநர், பட்டறைத் தொழிலாளர் என எல்லா நிலையினரையும் ஒரே அமைப்பில் சேர்ப்பது அதன் நோக்கம். பணிசார்ந்த கோரிக்கைகளோடு, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அரசியல் நிர்ணய சபை வேண்டும் என்றும் அது கோரியது.

அக்டோபர் வேலைநிறுத்தம்

ஓய்வூதிய நிதி குறித்துப் பேச ரயில்வே ஊழியர்களின் பிரதிநிதிகள் தலைநகரில் கூடியிருந்தனர். அவர்கள் கைதானதாக வதந்தி பரவியது. அக்டோபர் 7 அன்று மாஸ்கோ–கசான் பாதையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தந்தி வழியே செய்தி பிற பாதைகளுக்கும் பரவ, சில நாட்களில் பேரரசின் பெரும்பாலான ரயில்கள் நின்றன. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. பீட்டர்ஹோஃப் அரண்மனையில் இருந்த மன்னரைச் சந்திக்க செர்கேய் விட்டே நீராவிக் கப்பலில் செல்ல வேண்டியிருந்தது. அக்டோபர் 17 அன்று, குடியுரிமைகளையும் சட்டமியற்றும் அதிகாரமுள்ள டூமா சபையையும் உறுதியளிக்கும் அறிக்கையை மன்னர் வெளியிட்டார்.

டிசம்பர் தோல்வி

டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த வேலைநிறுத்தம் ஆயுத எழுச்சியாக மாறியது. ஆனால் தலைநகரையும் மாஸ்கோவையும் இணைத்த நிக்கோலயெவ் பாதை அரசின் வசமே இருந்தது. அவ்வழியே வந்திறங்கிய செம்யோனவ்ஸ்கி படைப்பிரிவு எழுச்சியை ஒடுக்கியது. கசான் பாதையில் போராளிகளை ரயிலில் ஏற்றி, துப்பாக்கிச்சூட்டுக்கிடையே தப்புவித்த ஓட்டுநர் அலெக்சேய் உக்தோம்ஸ்கி, பின்னர் பிடிபட்டு டிசம்பர் 17 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார்.

விளைவு

1906 மார்ச் 4 அன்று வெளியான தற்காலிக விதிகள் தொழிற்சங்கங்களுக்கு முதன்முறையாகச் சட்ட ஏற்பு அளித்தன. ஆனால் ரயில்வே ஊழியர்களுக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் வேலையை நிறுத்தினால் நாடே நின்றுவிடும் என்பதை அரசு அக்டோபரில் கண்டிருந்தது. மற்றவர்கள் சங்கம் அமைக்க வழிதிறந்த தொழிலாளர்களே அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.