காசு கட்டியும் பெஞ்சில் பிள்ளை... அமெரிக்க லாக்ரோஸ் கிளப்களில் என்ன பிரச்னை?

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே அதே பட்டியலில் இடம்பிடித்த இன்னொரு விளையாட்டு, லாக்ரோஸ். நுனியில் வலை கட்டிய குச்சியால் ரப்பர் பந்தைப் பிடித்து, ஓடி, எறிந்து கோல் போடும் ஆட்டம். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் உருவாக்கியது.

அமெரிக்காவில் மேரிலாந்து, நியூயார்க்கின் லாங் ஐலண்ட் போன்ற இடங்களில் பள்ளிப் பிள்ளைகள் இதை வெறித்தனமாக ஆடுகிறார்கள். அங்கே பெற்றோருக்கும் கோச்சுக்கும் முட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "இவ்வளவு காசு கட்டியிருக்கோம், எங்க புள்ளைய ஏன் இறக்கல?"

எல்லோருக்கும் சம நேரம் கிடைக்காதா?

உள்ளூர் லீக் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். ஊர் ஊராகப் போய் ஆடும் போட்டி கிளப்களில் கதையே வேறு. அங்கே செலக்ஷன் வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். கட்டணம் பயிற்சிக்கும் அணியில் இடத்துக்கும்தான், ஆட்ட நேரத்துக்கு அல்ல என்பது பல கிளப்களின் நிலைப்பாடு. பணம் கட்டும்போது இதைத் தெளிவாகச் சொல்லாததால்தான் பாதிச் சண்டை வருகிறது.

எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதும் முக்கியம். ஆண்கள் ஆட்டத்தில் களத்தில் 10 பேர்: ஒரு கோல்கீப்பர், டிஃபென்ஸ் 3, மிட்ஃபீல்டு 3, அட்டாக் 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம், கணக்கே கிடையாது. மிட்ஃபீல்டர்கள் மைதானம் முழுக்க ஓடுவதால் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். அதனால் மூன்று மூன்று பேராக மாறி மாறி இறங்குவார்கள். அட்டாக்கிலும் டிஃபென்ஸிலும் அப்படி மாற்றுவது குறைவு. கோல்கீப்பர் இடம் ஒன்றே ஒன்று, இரண்டாவது கீப்பர் பாடு திண்டாட்டம்தான்.

களத்தில் இறங்காவிட்டால் என்ன நஷ்டம்?

பந்து பிடிக்கப் பயிற்சியில் கற்கலாம். இரண்டு பேர் குச்சியோடு பாய்ந்து வரும்போது பாஸ் கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவெடுப்பது மேட்சில்தான் வரும். 11 வயதில் உயரமாக இருக்கும் பையன் அதிகம் ஆடுகிறான். ஆடுவதால் தேறுகிறான். தேறுவதால் மறுபடி அவனையே எடுக்கிறார்கள். கனடாவில் 1980களில் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி, தேர்வானவர்களில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களே அதிகம் என்று கண்டார். வயது வரம்புக் கணக்கு ஜனவரி 1ல் தொடங்கியதுதான் காரணம். சில மாத மூப்பைத் திறமை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் சிறிய மைதானமும் குறைந்த ஆட்களும் போதும் என்கிறது யுஎஸ்ஏ லாக்ரோஸ் அமைப்பு. ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் கைக்கும் பந்து அடிக்கடி வரும்.

ஸ்காலர்ஷிப் கனவு

பெற்றோரின் பதற்றத்துக்குப் பின்னால் இருப்பது கல்லூரி. ஆனால் கணக்கைப் பாருங்க. முதல் டிவிஷன் ஆண்கள் அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக இருந்த வரம்பு 12.6 முழு ஸ்காலர்ஷிப். அதை நாற்பதுக்கும் மேற்பட்டோர் உள்ள அணியில் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிகள் வாய்மொழியாகப் பேசி முடித்தன. 2017ல் விதி மாறியது. பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை முதல் டிவிஷன் கோச்சுகள் மாணவரிடம் பேசக்கூடாது. ஆக, 12 வயதில் பெஞ்சில் இருப்பதால் கல்லூரிக் கதவு மூடிவிடாது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அணியில் மொத்தம் எத்தனை பேர், நம்ம பிள்ளை ஆடும் இடத்துக்கு எத்தனை பேர், நெருக்கமான மேட்சில் யாரை இறக்குவீர்கள்? முதல் அணியில் பெஞ்சா, இரண்டாவது அணியில் முழு ஆட்டமா என்று வந்தால், வளரும் வயதில் இரண்டாவதே மேல்.

மேட்ச் முடிந்த சூட்டில் கோச்சிடம் போகாதீர்கள், 24 மணி நேரம் பொறுங்கள் என்று பல கிளப்களில் விதியே உண்டு. அதன் பிறகும் முதலில் பேச வேண்டியது பிள்ளைதான். "நான் எதுல தேறணும் கோச்?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: இடது கையாலும் பந்தைப் பிடி, எறி. அதற்கு ஒரு குச்சி, ஒரு பந்து, வீட்டுச் சுவர் போதும்.