நாடாவை நிறுத்தச் சொன்னவர்: பணியாற்றும் பொறியாளர்களின் முதுநிலைக் கல்வியில் நிறுவனத்தின் பங்கு

1970-களின் தொடக்கத்தில் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனம் தன் பொறியாளர்களில் ஒரு பகுதியினரை சான்டா ரோசா ஆலைக்கு மாற்றியது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள ஊர் அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1969 முதல் தன் முதுநிலை வகுப்புகளை நுண்ணலைத் தொலைக்காட்சி வழியே சுற்றுவட்டார நிறுவனங்களுக்கு ஒளிபரப்பிவந்தது. அந்த அலை சான்டா ரோசாவை எட்டவில்லை.

மின்பொறியியல் பேராசிரியர் ஜேம்ஸ் கிப்பன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். பாடத்தை ஒளிநாடாவில் பதிந்து அனுப்பலாம்; ஆனால் மாணவர்கள் அதைச் சிறு குழுவாக அமர்ந்துதான் பார்க்க வேண்டும். அதே ஆலையைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் உடனிருப்பார். யாருக்காவது ஐயம் எழுந்தால் நாடா நிற்கும், பேச்சு நடக்கும், தெளிந்தபின் நாடா ஓடும். உடனிருப்பவர் அந்தத் துறையில் கரைகண்டவராக இருக்க வேண்டியதில்லை. யாரும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிப்பன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1977-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். வளாகத்து வகுப்பில் நேரில் அமர்ந்தவர்களைவிட இந்தக் குழுக்கள் மதிப்பெண்ணில் பின்தங்கவில்லை, முந்தவே செய்தன. துணையின்றி நாடா பார்த்தவர்கள் பின்தங்கினார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம் படிப்பது பற்றிய விவாதம் பெரும்பாலும் பாடம் எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதிலேயே சுற்றிவருகிறது. மாலை வகுப்பா, தொலைக்காட்சியா, செயற்கைக்கோளா, இணையமா? சான்டா ரோசா காட்டுவது வேறு. படிப்பின் தரத்தை முடிவுசெய்வதில் வேலையிடம் எந்த அளவுக்குப் பங்கேற்கிறது என்பதே முதன்மை. பொறியியல், தொழில்நுட்ப மேலாண்மைப் படிப்புகளில் இது இரட்டிப்பு உண்மை.

பங்கேற்பு என்ற எண்ணம் தொலைக்காட்சிக்கு முந்தியது. ஸ்டான்ஃபோர்டில் ஃபிரெடரிக் டெர்மன் 1954-இல் தொடங்கிய கூட்டுறவுத் திட்டத்தில், நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த பொறியாளர்களை வேலை நேரத்திலேயே வளாகத்துக்கு அனுப்பின. நேரத்தை விட்டுக்கொடுத்த நிறுவனத்துக்கு அந்தப் படிப்பில் அக்கறையும் இருந்தது.

எதிர்த்திசையில் போனது 1984-இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் பிறந்த தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பல பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் திரட்டி, செயற்கைக்கோள் வழியே நிறுவனங்களுக்குள் இறக்கி, தன் பெயரிலேயே பட்டம் வழங்கியது. பொறியியல் மேலாண்மையும் அதன் பாடப்பிரிவுகளில் ஒன்று. துணிச்சலான முயற்சிதான். ஆனால் அதன் தனி வலிமை விநியோகத்தில் இருந்தது. இணையம் வந்ததும் உறுப்புப் பல்கலைக்கழகங்களால் மாணவர்களை நேரடியாகவே எட்ட முடிந்தது. 2002-இல் தனியார் கல்வி நிறுவனமான சில்வன் அதை வாங்கிக்கொண்டது.

மேலாண்மைப் பாடத்துக்கு வேலையிடம் ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது? டொனால்ட் ஸ்டீவர்ட் 1981-இல் முன்வைத்த வடிவமைப்புக் கட்டமைப்பு அணியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொருளை உருவாக்கும் பணிகளை எல்லாம் நிரையிலும் நிரலிலும் எழுதி, எந்தப் பணிக்கு எதிலிருந்து தகவல் வேண்டும் என்று குறிப்பார்கள். பாடநூலில் அது நேர்த்தியான கட்டம், அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். கார் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் தன் திட்டத்துக்கே அதை வரையும்போதுதான் கதை மாறுகிறது. கட்டங்களை நிரப்ப அவர் மற்றத் துறைகளின் கதவைத் தட்ட வேண்டும். பிரேக் குழு வண்டியின் எடையை ஊகித்துக்கொண்டு கணக்குப் போடுவதும், எடைக் குழு பிரேக்கின் அளவை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அப்போது வெளிப்படலாம். காலதாமதம் எங்கே உருவாகிறது என்பதை விரிவுரையால் இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியாது.

எம்ஐடி இதை உணர்ந்தே பாடத்திட்டம் வகுத்தது. பொறியியல் பள்ளியும் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் இணைந்து நடத்தும் அமைப்பு வடிவமைப்பு மேலாண்மைப் படிப்பில் முதல் மாணவர் குழு 1997-இல் சேர்ந்தது. அனுபவமுள்ள பொறியாளர்களுக்கான படிப்பு அது. வேலையை விடாமல் தொலைவிலிருந்து படிக்கவும் வழி வைத்தார்கள். இந்தியாவில் பிலானியின் பிட்ஸ் 1979-இல் தொடங்கிய பணியோடிணைந்த கல்வித் திட்டத்தில், மாணவரின் நிறுவனத்திலேயே ஒருவர் வழிகாட்டியாக நியமிக்கப்படுகிறார். சான்டா ரோசாவில் நாடாவை நிறுத்தச் சொன்னவருக்கு இங்கே முறையான பதவி கிடைத்திருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நிறுவனம் வகுப்பறைக்குள் வந்தால் பாடத்திட்டத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளாதா? கவலை நியாயமானது. விப்ரோ பி.எஸ்சி., பி.சி.ஏ. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பிட்ஸ், வேலூர் விஐடி போன்றவற்றின் துணையோடு எம்.டெக். படிக்கவைக்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லாத பல குடும்பங்களுக்கு அது பெரிய வாசல். கூடவே சேவை ஒப்பந்தமும் வருகிறது: குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும். தன் துறையின் குறையை ஆய்வேட்டில் எழுத நினைக்கும் மாணவருக்கு வழிகாட்டியும் மேலதிகாரியும் ஒரே ஆள் என்றால், பேனா தானாகவே தயங்கும்.

ஆனால் இந்த மறுப்பு நிறுவனத்தை வெளியே நிறுத்தச் சொல்லும் வாதமாகாது. பங்கேற்பின் நிபந்தனைகளை எழுதிவைக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படுவது. பல்கலைக்கழகமும் நிறுவனமும் போடும் ஒப்பந்தத்தில் மூன்று விதிகள் இடம்பெறலாம். படிப்புக்கான நேரத்தில் ஒரு பகுதி வேலை நேரத்திலிருந்து வர வேண்டும். வழிகாட்டி மாணவருக்கு நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது. வணிக ரகசியத்தைக் காரணம் காட்டி ஆய்வேட்டின் பகுதியை நீக்கச் சொன்னால், அந்தக் கோரிக்கையைப் பல்கலைக்கழகக் குழு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். முதல் விதி நிறுவனத்துக்குச் செலவு வைக்கும்; அதை ஏற்க மறுக்கும் நிறுவனத்தின் ஊழியரைத் தனி மாணவராகவே சேர்த்துக்கொண்டு, ஆய்வேட்டுக்கான வழிகாட்டியைப் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் வெளியிலிருந்து தேடித் தர வேண்டும்.